சின்ன ஸ்பீக்கர், கான்கிரீட் அறை: ஹோம் தியேட்டரில் நல்ல பேஸ் பெறுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஹோம் தியேட்டர் வாங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். கடையில் கேட்ட பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) வீட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது என்பார் ஒருவர். பேஸ் இருக்கிறது, ஆனால் வசனமே புரியாத அளவுக்கு அறை முழுவதும் கும்மென்று இரைகிறது என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அடுத்த கட்டமாகப் பெரிய சப் ஊஃபர் (பேஸை மட்டும் ஒலிக்கும் தனிப் பெட்டி) வாங்கத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் பெட்டி அல்ல, அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும் அறைதான். ஆகவே ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் பார்ப்போம்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மரச் சட்டத்தின்மீது ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் அதிகம். தாழ்ந்த ஒலி வரும்போது அந்தப் பலகைகள் லேசாக வளைந்துகொடுத்து, பேஸின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. நம் வீட்டிலோ சிமெண்ட் பூசிய செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர், மேலே ஆர்.சி.சி. தளம், கீழே டைல்ஸ் அல்லது இந்த மாவட்டங்களிலேயே வெட்டியெடுத்து மெருகேற்றிய கிரானைட். இவற்றில் எதுவும் பேஸுக்கு வளைந்துகொடுக்காது. ஒலி சுவரில் மோதித் திரும்பி, மீண்டும் மோதி, அறைக்குள் சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டும் நிற்கிறது. கான்கிரீட் அறையில் பேஸுக்குப் பஞ்சமில்லை. அது சீராகப் பரவாததுதான் சிக்கல். (ஓட்டு வீட்டிலும் சிமெண்ட் ஷீட் போட்ட மாடி அறையிலும் கதை வேறு. அங்கே பேஸ் கூரை வழியாக வெளியேறிவிடுவதால் இரைச்சல் குறைவாகவும், கூரையின் அதிர்வு அதிகமாகவும் இருக்கும்.)

எந்த ஒலியலை உங்கள் அறையில் குவியும் என்பதை ஒரு வகுத்தல் கணக்கிலேயே அறிந்துகொள்ளலாம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1130 அடி செல்கிறது. அதில் பாதியான 565 என்ற எண்ணை, எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள அடிக் கணக்கால் வகுத்தால் கிடைப்பதே அந்தத் திசையில் அறை முதலாவதாக ஒத்ததிரும், அதாவது ஒலியோடு சேர்ந்து அதிர்ந்து அதைப் பெருக்கும், அதிர்வெண் (ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு; அலகு ஹெர்ட்ஸ்). 15 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 38 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். இப்போது நம் ஊரில் சாதாரணமாகக் கட்டப்படும் பத்துக்குப் பத்து அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் 10 அடி, அகலம் 10 அடி, தளத்தின் உயரமும் 10 அடி என்றால் மூன்று திசைகளும் ஒரே 56 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. பேஸ் கிட்டார், டிரம் செட்டின் கிக் டிரம் ஆகியவற்றின் வலிமை இருக்கும் எல்லைக்குள்தான் அந்த 56 ஹெர்ட்ஸும் வருகிறது. எனவே அந்த அறையில் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் கும்மென்று ஒலிக்கும். வீட்டில் பத்துக்குப் பத்து அறையும் பன்னிரண்டுக்குப் பதினைந்து ஹாலும் இருந்தால், செட்டை ஹாலில் வைப்பதே நல்லது. சதுர அறைதான் கிடைக்கும் என்றால் கீழே சொல்லப்படும் இடத்தேர்வில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

இந்த முதல் ஒத்ததிர்வு சுவரோரத்தில் மிக உரக்கவும், இரண்டு சுவர்களுக்கும் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டவருக்கு இரைச்சலும், அறையின் மையத்தில் நாற்காலி போட்டவருக்குப் பேஸ் இல்லாத குறையும் ஏற்படுவது இதனால்தான். மேலே சொன்ன இரண்டு நபர்களும் ஒரே செட்டை வாங்கி, ஒரே அளவுள்ள அறையில் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தவர்களாகவும் இருக்கலாம். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கையைப் போடுவது நல்ல தொடக்கம். 12 அடி அறையில் அது 4 அடி. சோபாவை அவ்வளவு முன்னுக்கு இழுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது என்பது தெரிந்ததே. ஓர் அடி, ஒன்றரை அடி நகர்த்தினாலும் காது வேறுபாட்டை உணரும்.

அடுத்து சப் ஊஃபரின் இடம். பரவலாகச் சொல்லப்படும் முறை ஒன்று உண்டு: சப் ஊஃபரை நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து சென்று, எங்கே பேஸ் தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்தாலும் இம்முறை சரியானதே. ஒலி செல்லும் பாதையும் திரும்பி வரும் பாதையும் ஒன்றே என்பதால் இருக்கையையும் பெட்டியையும் இடம் மாற்றிச் சோதிக்கலாம். ஆனால் சாட்டிலைட் எனப்படும் சிறிய ஸ்பீக்கர்கள் கொண்ட செட்டுக்கு ஒரு கட்டுப்பாடு தேவை. அச்செட்டுகளில் சப் ஊஃபர் 120, 150 ஹெர்ட்ஸ் வரை பாட வேண்டியிருக்கிறது; ஆண் குரலின் அடிச்சுருதி அந்த எல்லைக்குள்ளேயே வருவதால், பெட்டியை அறையின் பின்மூலையில் வைத்தால் கதாநாயகன் திரையில் நின்றுகொண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவது போலிருக்கும். ஆகவே டிவி இருக்கும் முன்சுவரின் நீளத்துக்குள் மட்டுமே தேடுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் மிகுதியாகும். அங்கே அறையின் எல்லா ஒத்ததிர்வுகளும் ஒன்றாகத் தூண்டப்படுவதால் இரைச்சலும் மிகுதியாகும். சதுர அறையில் முன்சுவரின் நடுப்பகுதியிலேயே வைக்கலாம். அங்கே வைத்த பெட்டி அகலத் திசையின் முதல் ஒத்ததிர்வைத் தூண்டுவதில்லை, அதனால் மூன்று திசை ஒத்ததிர்வுகளில் ஒன்று கழிந்துவிடும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானதும், மிகுதியாகத் தவறிப்போவதுமான கிராஸ் ஓவர். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சாட்டிலைட் ஓய்ந்து, சப் ஊஃபர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த அமைப்பு. திரையரங்க ஒலித்தரத்துக்குச் சான்று வழங்கும் டி.எச்.எக்ஸ். நிறுவனத்தின் பரிந்துரை 80 ஹெர்ட்ஸ் என்பதை எங்கோ படித்துவிட்டு, ஏ.வி. ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துக்கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) அதையே வைத்துவிடுபவர்கள் பலர். அந்தப் பரிந்துரை ஓரளவு பெரிய ஸ்பீக்கர்களுக்கானது. இரண்டரை, மூன்று அங்குலக் கூம்பு கொண்ட சாட்டிலைட்டுகளில் பெரும்பாலானவை 120 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடுகின்றன. கிராஸ் ஓவரை 80-இல் வைத்தால் 80-க்கும் 150-க்கும் இடைப்பட்ட ஒலியை சப் ஊஃபரும் வாசிக்காது, சாட்டிலைட்டும் வாசிக்க முடியாது. மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் அடி, கிக் டிரம் நெஞ்சில் தட்டும் அந்தத் தட்டு ஆகியவற்றின் உடல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் பம்பை அருகில் நின்று கேட்டவருக்கு, அதே ஒலி செட்டில் தகர டப்பாவைத் தட்டுவது போல வந்தால், இந்தப் பள்ளத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதை அறியாமல் சப் ஊஃபரின் வால்யூமைக் கூட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் கூடுமே தவிரப் பள்ளம் நிரம்பாது.

ஸ்பீக்கரின் கையேட்டில் அதிர்வெண் எல்லை குறிப்பிடப்பட்டிருக்கும். அதில் கீழ் எல்லை 150 ஹெர்ட்ஸ் என்றால் கிராஸ் ஓவரை அதற்குக் குறையாமல் வையுங்கள். ரிசீவரில் எல்லா சாட்டிலைட்டுகளையும் ‘ஸ்மால்’ என்றே குறிப்பிட வேண்டும். ‘லார்ஜ்’ என்று வைத்தால் தாழ்ந்த ஒலி முழுவதும் அந்த மூன்று அங்குலக் கூம்புக்கே போகும்; அதிர்வெண் பாதியாகும்போது அதே சத்தத்தைக் கொடுக்கக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும் என்பதால், சின்னஞ்சிறு கூம்பால் அது முடியாமல் கரகரப்பில்தான் முடியும். டிவியிலோ செல்பேசியிலோ உள்ள பேஸ் பூஸ்ட்டைக் கூட்டிவைப்பதற்கும் இதே தீமை உண்டு. ரிசீவர் கிராஸ் ஓவரைப் பார்த்துக்கொள்ளும்போது, சப் ஊஃபரின் பின்புறமுள்ள கிராஸ் ஓவர் குமிழை அதிகபட்ச எண்ணுக்கோ, ‘எல்.எஃப்.இ.’ என்ற நிலைக்கோ திருப்பிவிட வேண்டும்; இல்லையென்றால் ஒரே ஒலி இரண்டு வடிகட்டிகளின் வழியே சென்று மீண்டும் பள்ளம் விழும்.

இந்த அளவைக் காதாலேயே சோதிக்கலாம். செல்பேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, அதை ரிசீவரில் இணைத்து, மிதமான சத்தத்தில் 40-இல் தொடங்கிப் பத்துப் பத்தாக 200 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிச் சென்று, எந்த எண்ணில் ஒலி எழும்புகிறது, எதில் அடங்குகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 100-ஐச் சுற்றி அடங்கினால் கிராஸ் ஓவரையோ அடுத்துச் சொல்லப்படும் ஃபேஸையோ பாருங்கள். 56-இல், அல்லது உங்கள் அறைக்கு வகுத்துக் கிடைத்த எண்ணில், மட்டும் எழும்பினால் அது அறையின் வேலை. வால்யூமை மட்டும் கூட்டிவிடாதீர்கள். சீரான தனி அலை, பாட்டைவிடக் கூடுதலாக ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைச் சூடாக்கும்.

சப் ஊஃபரில் 0, 180 என்று ஒரு ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். சாட்டிலைட்டும் சப் ஊஃபரும் சந்திக்கும் அதிர்வெண்ணில் இரண்டின் கூம்பும் ஒரே நேரத்தில் முன்னே வந்தால் ஒலி சேரும், ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் சென்றால் கழியும். கிராஸ் ஓவர் அதிர்வெண்ணையே டோனாக ஓடவிட்டு, நீங்கள் இருக்கையில் அமர்ந்துகொண்டு வேறொருவரைச் சுவிட்சை மாற்றச் சொல்லி, எந்த நிலையில் சத்தம் கூடுதலோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒயரின் முனைகள் சரியாக உள்ளனவா என்பதையும் உறுதி செய்ய வேண்டும், ஏனெனில் இடது, வலது ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் சிவப்பும் கருப்பும் மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிப் பேஸ் மெலிந்துவிடும். ரேடியோ மெக்கானிக்குகள் பல காலமாகச் செய்துவரும் சோதனை இதற்குப் போதும்: ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். சிவப்பு ஒயரில் பிளஸ் பட்டபோது கூம்பு வெளியே தள்ளினால் இணைப்பு சரி, உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது.

ஒயர் வாங்கும்போது, செம்பு என்ற பெயரில் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கம்பி தரப்படுவதும் உண்டு. கம்பியைச் சுரண்டினால் வெண்மை தெரியும். நல்ல செம்பில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் நம் ஹால்களுக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஒயருக்குச் செலவிடும் பணம் வீண் என்பதே என் கருத்து.

மூலத்திலேயே பேஸ் அறுந்துபோகும் இடம் ஒன்று உண்டு. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால், 5.1 தடமுள்ள படமும் பெரும்பாலும் இரண்டு சேனலாகச் சுருக்கப்பட்டே ரிசீவருக்கு வரும். டால்பி ஒலியை அப்படிச் சுருக்கும்போது ‘.1’ என்று குறிக்கப்படும், பேஸுக்கென்றே உள்ள எல்.எஃப்.இ. தடம் வழக்கமாகக் கைவிடப்படுகிறது. வெடிச் சத்தம், இடி ஆகியவற்றின் அடிப்பகுதி அத்தோடு போய்விடும். அந்த அமைப்பை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றுங்கள்.

சப் ஊஃபரின் சத்த அளவைத் தீர்மானிப்பதில் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. நன்கு பழகிய ஒரு பாடலை ஓடவிட்டு, பெட்டி எங்கே இருக்கிறது என்று காது சுட்டிக்காட்டுவது நிற்கும் வரை கெயினை (சப் ஊஃபரின் சத்தக் குமிழ்) குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு சப் ஊஃபரை அணைத்தால் பாட்டு வெறுமையாகத் தோன்ற வேண்டும், போட்டால் பெட்டி தனியாகத் தெரியக் கூடாது. பகலில் இப்படிச் சரிசெய்த அளவு, இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது பேஸ் இல்லாததாகத் தோன்றும். இது செட்டின் பழுது அல்ல, நம் காதின் இயல்பு. மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த ஒலியைக் காது குறைவாகவே கேட்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவர் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ரிசீவரில் உள்ள ‘லவுட்னஸ்’ அல்லது ‘டைனமிக் ஈக்யூ’ போன்ற வசதி இதற்காகவே இருக்கிறது. இரவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். கோடையில் சன்னலும் கதவும் திறந்திருக்கும்போது பேஸின் ஒரு பங்கு வெளியே போய்விடுவதால் இரைச்சல் தணிவதையும் கவனித்திருப்பீர்கள். மூடிய அறையில் கும்மென்ற ஒலி தாங்க முடியாவிட்டால் உள்கதவை அரைவாசி திறந்துவைப்பது செலவில்லாத மருந்து.

திரைச்சீலையும் தரைவிரிப்பும் கூச்சலான எதிரொலியைத் தணிக்கும். பேஸை அவை தொடுவதே இல்லை. இலவம் பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் 100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் சிறிது பயன் கிடைக்கும். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. அதை ஓரடி மெத்தையால் பிடித்துவிட முடியாது.

பிறகு அதிர்வுகள். காரிமங்கலம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில், சப் ஊஃபர் கிழிந்துவிட்டது என்று கழற்றி மாற்றுவதற்கே தயாராகிவிட்டார்கள். 45 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டபோது கரகரவென்ற ஒலி தெளிவாகவே கேட்டது. பெட்டியின் அருகே காதை வைத்தால் அங்கே சுத்தமாக இருந்தது. அடுத்த அறையின் எஃகு பீரோவில் கைவைத்ததும் ஒலி நின்றது. பூட்டாமல் விட்ட கதவின் கைப்பிடி, சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது. “அண்ணா, அப்போ சப் ஊஃபர் நல்லாத்தான் இருக்கா?” என்று கேட்ட அந்த வீட்டுத் தம்பி, பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை வெட்டிக் கதவிடுக்கில் செருகினார். மீதமிருந்த மெல்லிய கிணுகிணுப்பு, சமையலறைப் பரணில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்களிலிருந்து வந்தது. ஷோகேஸ் கண்ணாடி, சன்னல் கொக்கி, மின்விசிறியின் கிண்ண மூடி, சுவரில் ஆணியில் தொங்கும் சாமி படம் என ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. டோனை மெல்ல ஏற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்த்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். சப் ஊஃபரை மர ஸ்டாண்டின் மேல் ஏற்றாமல் தரையில் வைத்து, அடியில் தடித்த ரப்பர் பாதங்கள் கொடுங்கள். தரை சமமில்லாவிட்டால் கிரானைட் பட்டறையில் மிஞ்சிய துண்டு ஒன்றை வாங்கிவந்து, அதன்கீழ் ரப்பர் கொடுத்து மேலே பெட்டியை வைக்கலாம்; ஆட்டம் நிற்கும். கல் வைத்ததால் பேஸ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அசெம்பிள் செட் வைத்திருப்பவர்கள் பெட்டியையும் பார்க்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் மற்றவர்கள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆம்ப்ளிஃபயர் போர்டும் ஊஃபரும் வாங்கி, உள்ளூர் தச்சரிடம் பெட்டி செய்துகொள்வது வழக்கம். போர்டு நன்றாக இருந்தும் பேஸ் வராததற்கு, பெட்டியின் மூட்டுகளில் காற்று கசிவதே பல நேரங்களில் காரணமாகிறது. பேஸ் ஓடும்போது மூட்டுகளின் மீதும் ஊஃபரின் விளிம்பைச் சுற்றியும் ஈரக்கையை வைத்துப்பாருங்கள். காற்று படும் இடத்தைச் சிலிக்கான் கொண்டு அடையுங்கள். காற்றுக் குழாய் உள்ள பெட்டியில் குழாயின் நீளத்தைக் கூட்டினால் அது ஒலிக்கும் அதிர்வெண் இறங்கும், குறைத்தால் ஏறும். குழாயின் வாய் சுவரோடு ஒட்டாமல், அதன் விட்டத்தின் அளவாவது இடைவெளி இருக்கட்டும். 56-இல் இரையும் அறையில் அந்தக் குழாயின் வாயை நுரைப்பஞ்சால் அடைத்துப் பார்க்கலாம். பேஸின் அளவு குறைந்தாலும் இறுக்கம் கூடுவதால், சதுர அறையில் இருப்பவர்கள் பலர் அதையே விரும்புவார்கள்.

பெட்டியைச் சிறிதாக்கி, ஆழமான பேஸையும் கேட்டு, குறைந்த வாட்ஸில் மிகுந்த சத்தத்தையும் எதிர்பார்ப்பது நடவாது. கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜே. ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி, இம்மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்கிறது. சத்தத்தை வெறும் 3 டெசிபல் கூட்டுவதற்கே ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரு மடங்காக வேண்டும். ஆகையால் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட, ஒரு கண உச்சத்தை மட்டும் காட்டும் பி.எம்.பி.ஓ. எண்ணைப் பொருட்படுத்தாமல், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் காட்டும் ஆர்.எம்.எஸ். வாட்ஸை மட்டும் பாருங்கள்.

பேஸுக்கு அடியில் நிற்காமல் ஒரு முனகல் கேட்டால், அது மின்சாரத்தின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். டி.டி.எச். அல்லது கேபிள் ஒயரைக் கழற்றியதும் நின்றுவிட்டால், எர்த் இரண்டு வழியாக வருவது காரணம். டிவி, ரிசீவர், சப் ஊஃபர் மூன்றையும் ஒரே பவர் பாயிண்டிலிருந்து எடுப்பது பெரும்பாலும் அதைத் தீர்க்கும். முனகலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. மின்தடையின்போது இன்வெர்ட்டரில் ஓடும் நேரம் மட்டும் முனகினால் அது சதுர அலை இன்வெர்ட்டரின் குணம், செட்டில் பழுதில்லை.

இத்தனையும் செய்தபின், இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுபடுவது மட்டும் மிஞ்சியிருந்தால், அப்போது பணம் செலவழிக்கலாம். பெரிய சப் ஊஃபர் ஒன்றுக்கு மாறுவதைவிட, இருப்பதைப் போலவே இன்னொன்று வாங்கி, ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றதைப் பின்சுவரின் நடுவிலும் வைத்து, இரண்டையும் ஒரே ஃபேஸில் ஓட்டினால் நீளத் திசையின் முதல் ஒத்ததிர்வை அவை ஒன்றுக்கொன்று அடக்கிவிடும். கிராஸ் ஓவர் 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் செட்டில், குரல் பின்னாலிருந்து வராமல் இருக்க, பின்பக்கப் பெட்டியின் குமிழை மட்டும் 80-க்கு இறக்கிவையுங்கள். அந்த வடிகட்டி ஃபேஸையும் சற்று மாற்றும் என்பதால், அறை நீளத்துக்குக் கிடைத்த எண்ணைச் (10 அடிக்கு 56) சுற்றியுள்ள டோன்களை ஓடவிட்டு, எந்த நிலையில் எல்லா இருக்கைகளிலும் சீராகக் கேட்கிறதோ அந்த நிலையில் அதன் ஃபேஸ் சுவிட்சை வைத்து, பிறகு இரண்டின் கெயினையும் சமமாகக் குறைத்து, சத்த அளவை முதலிலிருந்து மீண்டும் பாருங்கள்.